எலும்புக் கணக்கும் சரீர லக்ஷணமும்

மனுஷ்ய சரீரத்தில் எலும்புகள் 360 என்று கர்ப்போபநிஷத்து சொல்லுகிறது. இக்காலத்து வைத்திய நூல்கள் வளர்ந்த மனிதனுக்கு 206 என்கின்றன. இவ்விரண்டையும் எப்படியாவது பொருத்திக் காட்டிவிட வேண்டும் என்னும் முயற்சி உபந்யாஸ மேடைகளிலும் சிறு பிரசுரங்களிலும் சில ஆண்டுகளாகப் பெருகி வருகிறது. முற்காலத்தவர்க்கு எலும்புகள் மிகுதியாயிருந்து பின்னர் குறைந்துவிட்டன என்பர் ஒரு சாரார். பிறந்த குழந்தைக்கு எலும்புகள் மிகுதி, வளர வளர அவற்றுட் சில ஒன்றோடொன்று இணைகின்றன என்பது இன்றைய வைத்தியர்க்கும் உடன்பாடாகையால், ரிஷிகள் குழந்தையின் எலும்புகளையே எண்ணினார்கள் என்பர் வேறொரு சாரார். உபநிஷத்து தவறிற்று என்று கைகொட்டுவாரும் உளர். அந்த எண் எங்கிருந்து வந்தது, எதன்பொருட்டு வந்தது என்று மூலநூல்களைப் பிரித்துப் பார்த்தவராக இம்மூவருள் ஒருவரும் தோன்றவில்லை.

எண்ணைப் பற்றிய வழக்கு மட்டுமாயிருந்தால் அடியேன் இதை எழுதப் புகுந்திரேன். தம் தேகத்தை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதிவைத்துத் திருநாட்டுக்கு எழுந்தருளிய பெரியவர்களின் குமாரர்கள், ஸம்ப்ரதாயத்தில் இதற்கு இடமுண்டா என்று வித்வான்களைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்பவர்க்குக் கிடைக்கும் விடைகள் இரண்டு வகை. ‘உயிர் நீங்கிய உடல் சரீரமே அன்று என்று ஸ்ரீபாஷ்யம் சொல்லிவிட்டது, ஆகையால் யாருக்குக் கொடுத்தால் என்ன?’ என்பது ஒன்று. ‘சரீரம் சேஷபூதம், சங்க சக்ர லாஞ்சனம் பெற்றது, கொடுக்க நாம் யார்?’ என்பது மற்றொன்று. இரண்டு விடைகளும் ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்யாயம் முதற்பாதம் ஒன்பதாம் ஸூத்ரத்தையே துணைக்கு அழைக்கின்றன. ஒரே பங்க்தி இரண்டு எதிர்முகமான விதிகளுக்குப் பிரமாணமாகிறதென்றால், அந்தப் பங்க்தி எதைச் சொல்ல வந்தது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். அதற்கு எலும்புக் கணக்கின் வரலாறு உதவுகிறது.

360 என்னும் எண்ணுக்குப் பிறப்பிடம் வைத்திய சாஸ்த்ரம் அன்று. சதபத ப்ராஹ்மணத்தின் பத்தாம் காண்டம் அக்நிரஹஸ்யம் எனப்படும். (அங்கே ஓதப்பட்ட மநச்சித் முதலிய அக்நிகள் க்ரியையைச் சேர்ந்தவையா, வித்யையைச் சேர்ந்தவையா என்று ஸ்ரீபாஷ்யகாரர் மூன்றாம் அத்யாயத்தில் விசாரித்திருப்பதால் வேதாந்த காலக்ஷேபம் செய்தவர்க்கு அந்தக் காண்டம் புதிதன்று.) அக்நிசயநத்தில் அடுக்கப்படும் சிதியை ஸம்வத்ஸரமாகவும் புருஷனாகவும் பாவிக்கச் சொல்லுமிடத்தில், சிதியைச் சுற்றி வைக்கும் கற்கள் 360, ஆண்டின் இரவுகளும் 360, புருஷனுடைய எலும்புகளும் 360. யஜுஸ் மந்த்ரம் சொல்லி வைக்கும் செங்கற்கள் 360; பகல்கள் 360; மஜ்ஜைகள் 360. ஆண்டுக்கு 360 நாள் என்று கொண்டு, அந்த நாள் ஒவ்வொன்றுக்கும் சிதியில் ஒரு கல்லும் உடலில் ஓர் எலும்பும் நேராக வைத்த பாவனை இது. பிணத்தை அறுத்து எண்ணியவர் சொன்ன கணக்கு என்று இதை நினைத்தாலல்லது இங்கே குறைகூற இடமில்லை. ஆண்டின் நாட்கள் 360-க்குமேல் சில உண்டு என்பதை அறியாதவர்களா யாகம் செய்தார்கள்? அறிந்தே அந்த எண்ணைக் கொண்டார்கள்.

இந்த எண் அங்கிருந்து வைத்திய நூல்களுக்கும் தர்ம நூல்களுக்கும் சென்றது. சரக ஸம்ஹிதையின் சாரீர ஸ்தாநத்தில் எலும்புகள் 360 என்று தொடங்கி அவை எவை என்று எண்ணிக் காட்டப்படுகின்றன. அந்த எண்ணிக்கையில் பற்கள் 32; பற்கள் பதிந்திருக்கும் குழிகள் 32; நகங்கள் 20. ஆக 84 இடங்கள் இன்றைய வைத்தியர் எலும்பென்று எண்ணாதவற்றால் நிரம்பின. குருத்தெலும்புகளும் எலும்பின் முனைகளும் தனித்தனியே எண்ணப்பட்டன. இந்தக் கணக்குகளை வரிவரியாகச் சோதித்து 1907-இல் ஆக்ஸ்போர்டில் நூல் வெளியிட்ட ஹோர்ன்லே என்னும் அறிஞர், மிகை பெரும்பாலும் இவற்றால் வந்ததே என்று காட்டியிருக்கிறார். வெளிநாட்டார் எழுதியது என்று அதைத் தள்ளுகிறவர்கள் அவர் எடுத்தாண்ட ஸம்ஸ்க்ருத வாக்யங்களையாவது பார்த்திருக்கலாம். குழந்தையின் எலும்பு என்னும் ஸமாதானமும் இந்த இடத்திலேயே அழிந்துபோகிறது. 32 பற்கள் முளைத்த குழந்தையை யார் கண்டார்?

கர்ப்போபநிஷத்து சிறியது. சரீரம் பஞ்சாத்மகம், அறுசுவையைப் பற்றியது, ஏழு தாதுக்களையுடையது என்றெல்லாம் தொடங்கி, கரு ஓர் இரவில் கலலமாகவும், ஏழு இரவில் குமிழியாகவும், அரைத்திங்களில் பிண்டமாகவும், இரண்டு மாதத்தில் தலையுடையதாகவும் வளரும் முறையைச் சொல்லும். முடிவில் மர்மங்கள் 107, ஸந்திகள் 180, நரம்பிழைகளாகிய ஸ்நாயுக்கள் 109, ஸிரைகள் 700, எலும்புகள் 360, ரோமங்கள் நாலரைக் கோடி என்று கணக்கிட்டு, ஹ்ருதயத்துக்கும் நாவுக்கும் நிறையும் சொல்லிவிடும். இவற்றின் நடுவே ஒன்று உண்டு. அதன் பொருட்டே இது உபநிஷத்தாயிற்று என்பது அடியேன் கருத்து. ஏழாம் மாதத்தில் ஜீவனோடு கூடிய கரு, ஒன்பதாம் மாதத்தில் தன் முற்பிறவிகளை நினைக்கிறது. எத்தனை முலைகளை உண்டேன் என்று வருந்துகிறது. வெளிப்பட்டால் நாராயணனைப் பற்றுவேன் என்று உறுதிகொள்கிறது. பிறந்தவுடன் ஒரு வாயு தீண்ட, எல்லாம் மறந்துபோகிறது. அந்த வாயுவுக்கு உபநிஷத்து வைஷ்ணவ வாயு என்று பேரிடுகிறது. நம் பெரியவர்கள் அதைச் சடவாயு என்று வழங்கி, பிறக்கும்போதே அதைக் கோபித்து ஓட்டினவர் ஆகையால் ஆழ்வார்க்குச் சடகோபர் என்னும் திருநாமம் வந்தது என்று நிர்வஹிப்பர். மறப்பிக்கும் காற்று அவனுடையது என்று உபநிஷத்து சொல்ல, அவன் காற்றையும் அவனடியார் வெல்லலாம் என்று ஸம்ப்ரதாயம் சொல்லிற்று. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதில் ஒரு சுவை இருக்கிறது. இங்கே அதை விரிக்கவில்லை.

இனி ஸுச்ருதருக்கு வருவோம். சாரீர ஸ்தாநத்தின் ஐந்தாம் அத்யாயத்தில் அவர் எலும்புகளை எண்ணத் தொடங்குமுன் ஒரு குறிப்பு வைக்கிறார். வேதவாதிகள் 360 என்று சொல்லுவர். சல்ய தந்த்ரத்திலோ 300 மட்டுமே என்கிறார். கைகால்களில் 120, இடுப்பு, விலா, முதுகு, மார்பு ஆகியவற்றில் 117, கழுத்துக்கு மேல் 63. இதையும் இன்றைய எண்ணோடு ஒப்பிட்டுக் குறைசொல்லலாம். அவர் எலும்பை ஐந்து வகையாகப் பிரிக்கும்போது பல்லை ருசகம் என்றும் குருத்தெலும்பைத் தருணம் என்றும் எலும்பிலேயே சேர்த்துக்கொள்கிறார், எனவே மிகுகிறது. ஆயினும் அடியேனுக்கு வியப்பாவது எண்ணைக் காட்டிலும் அந்தக் குறிப்பின் தொனியே. வேதத்தைப் பிரமாணமாகக் கொண்ட ஒருவர், வேதவாதிகளைப் பழிக்கவுமில்லை. தம் எண்ணை 360-ஆக இழுத்து நீட்டவுமில்லை. அவர்கள் துறையில் அது, எம் துறையில் இது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போகிறார். இன்றைய உபந்யாஸ மேடைக்கு இந்த நிதானம் வாய்க்கவில்லை.

அவர் வேலை இன்னது என்பதையும் அதே அத்யாயம் சொல்லுகிறது. அங்கம் குறையாத, விஷத்தால் மாளாத, நெடுநோயால் மெலியாத, நூறு வயது எட்டாத ஓர் உடலை எடுத்து, குடலின் மலத்தை நீக்கி, முஞ்சைப்புல், மரப்பட்டை, தர்ப்பை, சணல் இவற்றில் ஒன்றால் சுற்றி, கூட்டினுள் வைத்து, ஓடும் நீரில் மறைவான இடத்தில் இட்டு ஊறவிட வேண்டும். ஏழு இரவு கழித்து எடுத்து, வெட்டிவேர், மயிர், மூங்கில் முதலியவற்றால் ஆன தூரிகை கொண்டு மெல்ல மெல்லத் தேய்த்து, தோல் தொடங்கி உள்ளும் புறமுமான ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் காண வேண்டும். சாஸ்த்ரத்தில் கண்டதும் கண்ணால் கண்டதும் இரண்டும் கூடினாலன்றி அறிவு நிறையாது என்கிறார். பிணத்தைத் தொட்டால் ஸ்நாநம் வேண்டும் என்னும் ஆசாரம் வழங்கிய நாட்டில் எழுதப்பட்ட வாக்யம் இது. பின்னாளில் இந்த முறை வழக்கொழிந்தது. கல்கத்தாவில் ஸம்ஸ்க்ருத கலாசாலையில் ஆயுர்வேதம் சொல்லிவைத்தவரும், ஸுச்ருத ஸம்ஹிதையை அச்சிற் பதிப்பித்தவருமான மதுஸூதந குப்தர், 1836-இல் அந்நகரத்து மருத்துவக் கல்லூரியில் தம் கையாலேயே பிணத்தை அறுத்தார். கத்தியை எடுத்த அந்தக் கை ஸுச்ருதத்தைப் பதிப்பித்த கை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஸுச்ருதர் இதே இடத்தில் மற்றொன்றும் சொல்லி வைத்தார். தேகத்தினுள் இருக்கும் மிக ஸூக்ஷ்மமான ஆத்மாவை ஊனக்கண்ணால் காண ஒண்ணாது. ஞானக்கண்ணும் தபஸ்ஸாகிய கண்ணும் உடையவர்க்கே அது தோன்றும் என்றார். பிணத்தைத் தேய்த்துப் பார்க்கும் முறையை இவ்வளவு நுணுக்கமாகச் சொன்னவரே, அந்த முறை எதுவரை செல்லும் என்று எல்லையும் வகுத்துவிட்டார்.

தர்மசாஸ்த்ரத்தில் யாஜ்ஞவல்க்ய ஸ்ம்ருதி ப்ராயச்சித்த காண்டத்தில், யதி தர்மம் சொல்லுமிடத்தில், 360 எலும்புகளும் குழிகளோடு கூடிய 64 பற்களும் 20 நகங்களும் வரிசையாக எண்ணப்படுகின்றன. துறவிக்கு ஏன் எலும்புக் கணக்கு? இந்தக் கூட்டத்தில் ‘நான்’ என்று சொல்லத்தக்கது எது என்று தேடிப் பார்ப்பதற்கு. ஸ்ரீவிஷ்ணு புராணத்தில் ஜடபரதர் ஸௌவீர ராஜனுக்குச் செய்ததும் இதுவே. பல்லக்கைச் சுமக்கிறாய், உனக்கு இளைப்பில்லையா என்று கேட்டவனுக்கு, பூமியின்மேல் பாதம், பாதத்தின்மேல் கணைக்கால், அதன்மேல் தொடை, தொடையின்மேல் வயிறு, அதன்மேல் மார்பும் தோளும், தோளின்மேல் பல்லக்கு. இதில் நான் எங்கே சுமந்தேன் என்று கேட்டார். ப்ரஹ்லாதனும் அசுரக் குழந்தைகளுக்கு மாம்ஸம், இரத்தம், மலம், மூத்திரம், நரம்பு, மஜ்ஜை, எலும்பு என்று அடுக்கி, இதில் ஆசை வைப்பவன் நரகத்திலும் ஆசை வைக்கலாம் என்றான். உடலை உறுப்புறுப்பாகப் பிரித்துக் காட்டுவது இவ்விடங்களில் வைராக்யத்துக்கு உபாயம்.

யாஜ்ஞவல்க்ய ஸ்ம்ருதிக்கு மிதாக்ஷரை எழுதிய விஜ்ஞாநேச்வரர் கல்யாணபுரத்தில் சாளுக்ய விக்ரமாதித்யன் காலத்தில் இருந்தவர், ஸ்ரீபாஷ்யகாரர்க்கு ஸமகாலத்தவர். அதே காலத்தில் காஞ்சிக்கு ஒருநாள் நடைத் தொலைவிலுள்ள திருமுக்கூடலில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்து எம்பெருமான் கோயிலில், வேதம் ஓதும் மாணாக்கர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் 15 கட்டில் கொண்ட ஆதுலசாலை நடந்து வந்தது. வீரராஜேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு, அங்கே மருத்துவம் பார்ப்பார் ஒருவர், சல்லியக்கிரியை பண்ணுவார் ஒருவர், மருந்து பறித்துக் கொண்டுவருவார் இருவர், நோயாளரைப் பார்க்கும் பெண்டிர் இருவர் இவர்களுக்குக் கொடுக்கவேண்டிய ஜீவிதத்தை வகுத்திருக்கிறது. ஸ்ரீபாஷ்யகாரர் காஞ்சியில் இருந்த நாட்களை ஒட்டிய செய்தி இது. சல்ய சாஸ்த்ரத்தின் பேச்சு அவர் வாழ்ந்த சூழலுக்கு அந்நியமானதன்று. எலும்பும் நரம்பும் கொண்ட லக்ஷணம் வேண்டியிருந்தால் அது கையெட்டும் தூரத்திலேயே இருந்தது என்பதற்காக இதைச் சொன்னேன்.

அவர் அதை எடுக்கவில்லை. காரணம் அந்தர்யாமி ப்ராஹ்மணம். ப்ருதிவி எவனுக்குச் சரீரமோ, நீர் எவனுக்குச் சரீரமோ என்று தொடங்கி, ப்ராணன், வாக்கு, கண், செவி, மனம், தோல், ரேதஸ் என்று போய், இவை ஒவ்வொன்றும் தனித்தனியே பரமாத்மாவுக்குச் சரீரம் என்று அந்தச் சுருதி ஓதுகிறது. தோலும் எலும்பும் சேர்ந்தது சரீரம் என்று லக்ஷணம் வைத்துக்கொண்டால், தோல் ஒன்றே எப்படிச் சரீரமாகும்? நீருக்கு எலும்பு ஏது? அப்போது அந்தச் சுருதி முழுவதும் உபசார வழக்காய்ப் போய்விடும். அது போனால் சரீர சரீரி பாவம் போம். அது போனால் ப்ரஹ்ம மீமாம்ஸைக்குச் சாரீரக சாஸ்த்ரம் என்னும் பெயர் பொருளற்றதாய்விடும். ஒன்பதாம் ஸூத்ரத்தில் நடக்கும் விசாரத்தின் கனம் இதுவே.

பூர்வபக்ஷி வைக்கும் லக்ஷணங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளுகிறார். கர்ம பலத்தை அநுபவிப்பதற்குக் காரணமானது சரீரம் என்னலாமோவென்றால், எம்பெருமானும் நித்யரும் முக்தரும் தம் இச்சையாலே கொள்ளும் திருமேனிகளில் அது செல்லாது. பூதங்களின் கூட்டு என்னலாமோவென்றால், முக்தர் கொள்ளும் வடிவங்கள் மண் முதலியவற்றால் ஆனவையல்ல. ஐந்து வகையாக இயங்கும் ப்ராணனைப் பற்றி நிற்பது என்றால், மரம் செடிகளில் ப்ராணன் இருந்தும் அவ்வாறு ஐந்தாக நின்று உடலைத் தாங்கவில்லை. இந்த்ரியங்களுக்கு இருப்பிடம், சுகதுக்கங்களுக்குக் காரணம் என்றால், கர்ம வசத்தால் அஹல்யை முதலானோர் அடைந்த கல்லும் கட்டையுமான உடல்களில் அது பொருந்தாது. அஹல்யையின் கல்லுடலில் எத்தனை எலும்பு என்று கேட்பார் யார்? அது அவள் சரீரமல்ல என்று சொல்லவும் முடியாது. ஆகவே, ஒரு சேதநன் தன் பொருட்டாக எந்த த்ரவ்யத்தை எல்லாவகையிலும் நியமிக்கவும் தரிக்கவும் வல்லவனோ, எது அவனுக்குச் சேஷமாயிருப்பதையே இயல்பாகக் கொண்டதோ, அந்த த்ரவ்யம் அந்தச் சேதநனுக்குச் சரீரம் என்று நிலைநாட்டினார். இதில் கை இல்லை, கால் இல்லை, எலும்பு இல்லை. அவை உடைய உடல்களையும் அவை இல்லாத உடல்களையும் இந்த ஒரு லக்ஷணம் தழுவி நிற்கிறது.

இதன்மேல் இரண்டு சங்கைகள் எழும். பக்ஷவாதம் வந்த கையை அதன் உடையவன் நியமிக்க முடிவதில்லையே, அது சரீரமாகாதொழியுமோ? ஆகாதொழியாது. நியமிக்கும் சக்தி இருந்தும் தடைபட்டது. மணி மந்த்ரங்களால் கட்டுண்ட நெருப்பு சுடாதிருந்தாலும் நெருப்புத் தானே. நெடுநாள் படுக்கையிற் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லத்தார் இந்தப் பங்க்தியைச் சற்று நின்று வாசிக்கலாம். அசையாத அந்தக் கை அவருடையதே என்று பாஷ்யம் சொல்லுகிறது. இரண்டாவது சங்கை பிணத்தைப் பற்றியது. சேதநன் பிரிந்த கணத்திலேயே அது கட்டுக்குலையத் தொடங்கிச் சிறிது பொழுதில் அழிந்துபோகிறது; முன்பு சரீரமாயிருந்த கூட்டத்தின் ஏகதேசம் என்பதால் மட்டுமே அதைச் சரீரம் என்று வழங்குகிறோம் என்கிறார். தேகதானத்தைப் பற்றிப் பேசுவோர் இழுக்கும் பங்க்தி இதுதான். லக்ஷணத்துக்கு அவ்யாப்தி தோஷம் வாராதபடி சொல்லின் வழக்கைத் தீர்த்துவைக்கும் வாக்யம் இது. அந்த த்ரவ்யத்தை என்ன செய்ய வேண்டும் என்று விதிக்கும் வாக்யமன்று. அதற்குரிய விதி க்ருஹ்ய ஸூத்ரங்களிலும் பித்ருமேத ஸூத்ரங்களிலும் நம் பூர்வர்களின் ப்ரயோகங்களிலும் இருக்கிறது.

நாடிகளின் விஷயத்திலும் உடற்கூறு வேதாந்தத்துக்குள் நுழைகிறது. ஹ்ருதயத்தின் நாடிகள் 101; அவற்றில் ஒன்று தலைநோக்கி எழுகிறது; அதன்வழி செல்பவன் அம்ருதத்வம் அடைகிறான் என்பது சாந்தோக்யம். அந்த நாடி எது, முதுகெலும்பினுள்ளே ஓடுவதா, வேறா என்று படம் வரைந்து காட்டும் பிரசுரங்கள் உண்டு. நான்காம் அத்யாயத்தில் பூர்வபக்ஷி இதைவிடக் கூரிய கேள்வியைக் கேட்டிருக்கிறான். நாடிகள் பல, மிக நுண்ணியவை. மரணத் தறுவாயில் கலங்கிய ஜீவன் இன்ன நாடி என்று பிரித்தறிவது எங்ஙனே? ஆகவே நியமம் இல்லை என்றான். ஸ்ரீபாஷ்யகாரர் அந்த நாடிக்கு அடையாளம் சொல்லி விடைகூறவில்லை. உபாஸநத்தால் உகந்த, ஹ்ருதயத்தில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமான் அநுக்ரஹத்தால் வாசலை ஒளிரச் செய்ய, அந்த ஒளியில் ஜீவன் அறிகிறான் என்றார். அறுத்துப் பார்த்தவர்க்கு அந்த நாடி கிடைக்கவில்லை என்பதால் இந்த விடைக்கு ஊறில்லை. கிடைத்துவிட்டது என்று யாரேனும் சொன்னாலும் இதற்கு ஏற்றமில்லை.

இவ்வளவும் உடலைப் பொருட்படுத்தாத பேச்சாகத் தோன்றக் கூடும். திருவாய்மொழியின் பத்தாம் பத்து ஏழாம் திருவாய்மொழியை வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஆழ்வாரை இந்தத் திருமேனியோடே கொண்டுபோகப் பாரிக்கிறான் எம்பெருமான். திருமாலிருஞ்சோலைமலை, திருப்பாற்கடல், திருவேங்கடம், வைகுந்தம் என்று அவன் உகந்த இடங்களோடு ஆழ்வாருடைய தலையையும் உடலையும் சேர்த்தெண்ணும்படி அவனுடைய வ்யாமோஹம் இருக்கிறது. ஆழ்வாரோ பூதங்கள் ஐந்து, தந்மாத்ரைகள், ஞானேந்த்ரியங்கள், கர்மேந்த்ரியங்கள், மனம், அஹங்காரம், மஹான், ப்ரக்ருதி என்று இந்த உடலின் 24 தத்துவங்களையும் எண்ணிக்காட்டி, இதை விடுவித்தருள வேண்டும் என்று மன்றாடுகிறார். துறவிக்கு எண்ணிக் காட்டிய ஸ்ம்ருதியைப்போல ஆழ்வாரும் எண்ணுகிறார். ஆனால் எண்ணிக் காட்டப்படுகிறவன் எம்பெருமான். ஆசை விடவேண்டியவன் இங்கே அவனாயிருக்கிறான். ஹேயம் என்று ஆழ்வார் தள்ளும் உடலை அவன் விரும்புகிறான் என்பதை வ்யாக்யாதாக்கள் ரஸித்து ரஸித்துச் சொல்லுவர். திருவரங்கம் பெரியகோயிலில் ஆரோக்யசாலை நடந்ததும், பின்னாளில் அது சிதைந்தபோது கருடவாஹந பட்டர் வம்சத்தவர் அதைச் சீர்செய்து தந்வந்தரியையும் எழுந்தருளப்பண்ணியதும் (சகம் 1415, அதாவது 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு) இந்த உகப்பைக் கண்டவர்கள் செய்த காரியம் என்றே கொள்ளலாம்.

இனி, கேட்டவர்களின் கேள்விக்குத் திரும்புகிறேன். ‘சேஷபூதமானதைக் கொடுக்க நாம் யார்’ என்னும் இரண்டாம் விடையும் அந்த ஸூத்ரத்திலிருந்து பிறவாது. சேஷத்வம் சொன்ன லக்ஷணம் உயிருள்ள சரீரத்துக்கும், உலகிலுள்ள ஒவ்வொரு த்ரவ்யத்துக்கும் ஒக்கும். நெல்லும் சேஷம், நீரும் சேஷம். அவற்றைப் பிறர்க்குக் கொடுப்பதில்லையா? சங்க சக்ர லாஞ்சனம் பெற்ற திருமேனிக்கு உரிய சரமகைங்கர்யத்தை இழக்கலாமோ என்பது வேறு கேள்வி. அது நியாயமான கேள்வி. அதற்கு எலும்புக் கணக்கே ஒரு வழியைக் காட்டி வைத்திருக்கிறது.

ஐதரேய ப்ராஹ்மணத்தின் ஏழாம் பஞ்சிகையில், அக்நிஹோத்ரம் செய்பவன் தேசாந்தரத்தில் மாண்டு, அவன் உடலோ எலும்போ அகப்படாவிட்டால் என் செய்வது என்னும் வினா எழுகிறது. பலாசக் காம்புகள் 360 கொணர்ந்து, அவற்றால் புருஷ வடிவம் செய்து, அதற்கே ஸம்ஸ்காரம் செய்க என்பது விடை. எந்த அங்கத்துக்கு எத்தனை காம்பு என்பதில் பிற்கால நூல்கள் வேறுபடும், கூட்டுத்தொகை வேறுபடாது. சல்ய தந்த்ரத்தார் 300 என்று எண்ணி முடித்த பின்பும், மருத்துவக் கல்லூரியார் 206 என்று எண்ணிய பின்பும், அபரகார்யம் செய்து வைப்பவர் 360 காம்புகளையே எண்ணி வைக்கிறார். கர்மத்தில் இந்த எண் இருக்கிற இடம் இது. சதபதத்தில் அது பிறந்த இடத்துக்கு வெகுதூரமில்லை.

அகப்படாத உடலுக்குச் சொன்ன இந்த விதி, தானே மனமறிந்து கொடுத்துவிட்ட உடலுக்கும் செல்லுமோ என்பதில் வித்வான்களுக்குள் வாதம் எழும். யத்ருச்சையாய் இழந்ததற்கு விதித்ததைப் புத்திபூர்வகமாய் இழந்ததற்குக் கொள்ளலாகாது என்பது ஒரு பக்ஷம். அதற்கு வலிவு உண்டு. பிறர் பிணி தீரக் கற்பவர்க்குக் கொடுத்தவன் விஷயத்தில் இழப்பு என்னும் சொல்லே பொருந்துமோ என்பது மற்றொரு பக்ஷம். அடியேன் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. ஆயினும் கொடுப்பதற்கு முன் தம் ஆசார்யனிடம் விண்ணப்பித்து, கொடுத்தபின் செய்யவேண்டிய ப்ரயோகத்தையும் கேட்டு எழுதிவைத்துவிட வேண்டும். எழுதிவைத்தவர் அதைச் செய்யாமல் போனதால், பதின்மூன்று நாளும் பிள்ளைகள் என்ன செய்வதென்று அறியாமல் நின்ற இல்லங்கள் உண்டு. கல்லூரியார் எரித்தபின் அஸ்தியைத் திருப்பித் தருவார்களாயின், அப்போது பலாசக் காம்புகளால் ஸம்ஸ்காரம் முன்பே நடந்துவிட்டிருந்தால், அந்த அஸ்திக்கு என்ன செய்வது என்பதையும் அப்போதே கேட்டு வைப்பது நல்லது.